சின்ன ஏ, பெரிய ஏ, நடுவில் ஒரு 32

வா கண்ணே, பக்கத்தில் உட்கார். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்.

தாளில் ஆங்கில எழுத்து ஏ-யைக் கேப்பிடலில் எழுது. அதன் பக்கத்திலேயே ஸ்மால் ஏ-யை எழுது. இப்போது இரண்டையும் உற்றுப் பார். உருவத்தில் ஏதாவது ஒற்றுமை தெரிகிறதா? பெரியதில் மூன்று நேர்க்கோடுகள். சின்னதில் ஒரு வட்டம், அதன் பக்கத்தில் ஒரு கோடு. அவ்வளவுதான்.

ஆனாலும் இரண்டும் ஒரே எழுத்துதான் என்று உனக்குத் தெரியும். ஒன்றாம் வகுப்பில் டீச்சர் சொல்லிக்கொடுத்தார், நீயும் மனதில் வாங்கிக்கொண்டாய்.

கணினி எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. அதற்குக் கண்ணும் கிடையாது. அப்படியிருந்தும் எக்செல் விரிதாளில் ஒரு குட்டி ஃபார்முலா போட்டால், ஆயிரம் பேருடைய பெயர்களைச் சட்டென்று ஸ்மாலிலிருந்து கேப்பிடலுக்கு மாற்றிவிடுகிறது.

எப்படி மாற்றுகிறது? இந்தக் கேள்வி உன் மனதில் எழுந்ததா? சபாஷ்! வேலை முடிந்தால் போதும் என்று பலரும் எழுந்து போய்விடுவார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க நினைத்தாயே, நீதான் சமர்த்து.

கணினிக்குள் எழுத்து என்று எதுவுமே இல்லை. இருப்பதெல்லாம் எண்கள்தான். இந்த எழுத்துக்கு இந்த எண் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு பட்டியல் இருந்தால்தான் ஒரு கணினி அனுப்புவது இன்னொரு கணினிக்குப் புரியும். அப்படி அமெரிக்காவில் 1963-ஆம் ஆண்டு வெளிவந்த பட்டியலின் பெயர் ஆஸ்கி. அதில் மொத்தம் 128 இடங்கள்.

கேப்பிடல் ஏ-க்கு 65. பி-க்கு 66. சி-க்கு 67. இப்படியே எண்ணிக்கொண்டு போனால் இசட்டுக்கு 90.

ஸ்மால் எழுத்துகளுக்கு வேறு எண்கள். ஸ்மால் ஏ-க்கு 97. பி-க்கு 98. கடைசி இசட்டுக்கு 122.

இங்கே கொஞ்சம் நில். பென்சிலை எடு. 97-லிருந்து 65-ஐக் கழி. எவ்வளவு? 32. சரி, 98-லிருந்து 66-ஐக் கழி. மறுபடியும் 32. 122-லிருந்து 90 போனால்? அதுவும் 32 தான்!

எந்த எழுத்தை எடுத்தாலும் பெரியதற்கும் சின்னதற்கும் நடுவில் அதே 32. கணினிக்கு எழுத்தின் உருவம் தெரிய வேண்டியதே இல்லை. எண்ணிலிருந்து 32-ஐக் கழித்தால் ஸ்மால் கேப்பிடலாகிவிடும். 32-ஐக் கூட்டினால் கேப்பிடல் ஸ்மாலாகிவிடும்.

புரிந்ததா? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கே என்பது ஏ-யிலிருந்து எண்ணினால் பதினோராவது எழுத்து. கேப்பிடல் கே-யின் எண் என்ன? ஏ-க்கு 65 என்றால், பதினோராவதற்கு 75. ஸ்மால் கே-க்கு 75-உடன் 32-ஐக் கூட்டு. 107. சரியாகச் சொன்னாய்!

இப்போது நீ அடுத்த கேள்வியைக் கேட்பாய். ஆங்கிலத்தில் 26 எழுத்துகள்தானே, அப்படியானால் 26-ஐயே இடைவெளியாக வைத்திருக்கலாமே? எதற்கு 32?

அருமையான கேள்வி. கணினி எண்களை 0, 1 என்ற இரண்டே குறிகளால் எழுதும். ஆஸ்கியில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஏழு இடங்கள். இடப்பக்கத்திலிருந்து அவற்றின் மதிப்பு 64, 32, 16, 8, 4, 2, 1. எந்த இடங்களில் 1 இருக்கிறதோ, அந்த மதிப்புகளை மட்டும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

கேப்பிடல் ஏ-யின் 65 என்பது 64-உம் 1-உம். ஆகவே 1000001.

ஸ்மால் ஏ-யின் 97 என்பது 64, 32, 1 மூன்றும். ஆகவே 1100001.

இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுது. ஒவ்வோர் இடமாக ஒப்பிட்டுப் பார். இரண்டாவது இடம் மட்டும்தான் வேறுபடுகிறது! அங்கே 0 இருந்தால் பெரிய எழுத்து, 1 இருந்தால் சின்ன எழுத்து. கணினி மற்ற ஆறு இடங்களைத் தொடவே வேண்டாம். 26-ஐ இடைவெளியாக வைத்திருந்தால் இந்த வசதி கிடைத்திருக்காது. இவ்வளவு அழகாக யோசித்து வைத்திருக்கிறார்களே என்று இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

இன்னொரு செய்தியும் சொல்கிறேன். 1963-இல் வந்த முதல் ஆஸ்கியில் ஸ்மால் எழுத்துகளே கிடையாது. அந்தக் காலத்து டெலிபிரிண்டர்கள் பலவும் கேப்பிடலில் மட்டும்தான் அச்சடித்தன. 1967-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் சின்ன எழுத்துகளுக்கு இடம் கிடைத்தது. விரிதாளின் கதையும் கிட்டத்தட்ட இதேதான். 1979-இல் டான் பிரிக்ளின், பாப் ஃபிராங்ஸ்டன் என்ற இரண்டு நண்பர்கள் விசிகால்க் என்ற விரிதாளை உருவாக்கினார்கள். அது ஓடிய ஆப்பிள் டூ கணினியின் திரையில் கேப்பிடல் எழுத்துகள் மட்டுமே வரும். கேப்பிடலா ஸ்மாலா என்ற குழப்பம் அந்தத் திரையில் யாருக்குமே வரவில்லை!

சரி, பென்சிலைக் கீழே வை. பள்ளியிலோ வீட்டிலோ கணினி இருந்தால் எக்செலைத் திற. ஃபார்முலாக்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். நீ தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டு.

ஏ1 கட்டத்தில் ஸ்மால் ஏ-யை மட்டும் தட்டு. பக்கத்துக் கட்டத்தில் =கோட்(ஏ1) என்று போடு. 97 என்று வருகிறதா? உள்ளே ஒளிந்திருந்த எண்ணை வெளியே கொண்டுவந்துவிட்டாய். இப்போது அதற்கடுத்த கட்டத்தில் =சார்(கோட்(ஏ1)-32) என்று போடு. சார் என்பது எண்ணைத் திரும்ப எழுத்தாக்கும். கேப்பிடல் ஏ வந்து நிற்கும். ஓர் எழுத்தைப் பெரிதாக்கும் எந்திரத்தை உன் கையாலேயே செய்துவிட்டாய்!

அவசரப்படாதே, அதைக் கொஞ்சம் சோதிப்போம். ஏ1-இல் ஸ்மால் ஏ-யை அழித்துவிட்டு 5 என்று போடு. 5 என்ற குறிக்கு ஆஸ்கியில் எண் 53. அதில் 32 போனால் 21. அந்த இடத்தில் திரையில் காட்டக்கூடிய எழுத்து எதுவும் இல்லை. ஏ1-இல் வெறும் இடைவெளியைத் தட்டினால் இன்னும் மோசம். இடைவெளியின் எண்ணே 32. கழித்தால் பூஜ்யம், எக்செல் பிழை காட்டிவிடும்.

ஆகவே நம் எந்திரத்துக்கு ஒரு நிபந்தனை வேண்டும். எண் 97-இலிருந்து 122-க்குள் இருந்தால் மட்டும் 32-ஐக் கழி. இல்லாவிட்டால் அப்படியே விட்டுவிடு. சொல்லில் உள்ள ஒவ்வோர் எழுத்துக்கும் இதைச் செய்துகொண்டே போனால் முழுச் சொல்லும் பெரிய எழுத்தாகிவிடும். இந்த வேலையை எக்செல் நமக்காகவே செய்து தருகிறது. அதற்கு வைத்திருக்கும் பெயர் அப்பர்.

உன் பள்ளி விளையாட்டு விழாவுக்குப் பெயர் கொடுத்தவர்களின் பட்டியல் ஏ நெடுவரிசையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் எல்லாவற்றையும் கேப்பிடலில் தட்டியிருக்கிறார். இன்னொருவர் எல்லாவற்றையும் ஸ்மாலில். மூன்றாமவர் இரண்டையும் கலந்து. சான்றிதழில் இப்படியே அச்சடிக்க முடியுமா? முடியாது.

பி2 கட்டத்தில் =அப்பர்(ஏ2) என்று தட்டி எண்டர் அழுத்து. ஏ2-இல் உள்ள பெயர் முழுவதும் கேப்பிடலில் வரும். அப்பருக்குப் பதில் லோயர் என்று போட்டால் முழுவதும் ஸ்மாலில் வரும். ப்ராப்பர் என்று போட்டால் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்து மட்டும் பெரிதாக, மற்றவை சிறிதாக வரும்.

ஒரு கட்டத்துக்குப் போட்டால் போதும். அந்தக் கட்டத்தின் வலது கீழ் மூலையில் குட்டிச் சதுரம் ஒன்று தெரியும். அதை இரண்டு தடவை கிளிக் செய். பட்டியல் எதுவரை இருக்கிறதோ, அதுவரை ஃபார்முலா தானாக இறங்கிவிடும்.

ஃபார்முலாவின் பெயரை ஸ்மால் எழுத்திலேயே தட்டிப் பழகு. எழுத்துப்பிழை இல்லாவிட்டால், எண்டர் அழுத்தியதும் எக்செல் அந்தப் பெயரைத் தானே கேப்பிடலாக்கிக் காட்டும். அது ஸ்மாலிலேயே நின்றுவிட்டால், "இப்படி ஒரு ஃபார்முலா எனக்குத் தெரியாது" என்று பொருள். பிழை எங்கே என்று உடனே தெரிந்துவிடும். கணினியில் நாளெல்லாம் வேலை செய்பவர்கள் பலர் இதை விடாமல் செய்வார்கள்.

ஒரு கேள்வி. ஃபார்முலாவை பி2-இல் போடுவானேன்? பெயர் இருக்கிற ஏ2-இலேயே போட்டால் என்ன?

யோசித்துப் பார். ஏ2-இல் ஃபார்முலாவைத் தட்டினால், அங்கே இருந்த பெயர் அழிந்துவிடும். "ஏ2-இல் இருப்பதைப் பெரிதாக்கு" என்று ஏ2-க்குள்ளேயே உட்கார்ந்து சொன்னால், பெரிதாக்க அங்கே என்ன இருக்கிறது? ஃபார்முலா தன்னையே தேடிச் சுற்றிச் சுற்றி வரும். எக்செலும் எச்சரிக்கை காட்டும். ஆகவே பக்கத்தில் இன்னொரு நெடுவரிசை வேண்டும்.

வேலை முடிந்ததும் பழைய ஏ நெடுவரிசையை உடனே அழித்துவிடாதே. பி-யில் இருப்பவை ஏ-யைப் பார்த்துச் சொல்லும் விடைகள். ஏ போய்விட்டால் பி-யும் கெட்டுவிடும். முதலில் பி முழுவதையும் காப்பி செய். பிறகு பேஸ்ட் ஸ்பெஷல் போய், வேல்யூஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து, ஏ-யின் மேலேயே ஒட்டு. இப்போது ஃபார்முலாக்கள் இல்லாமல் வெறும் பெயர்கள் மட்டும் போய் உட்கார்ந்திருக்கும். இனி பி-யைத் தாராளமாக அழிக்கலாம். லிப்ரே ஆபீஸ் கால்க் என்ற விரிதாளை வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சுற்றுவழி தேவையில்லை. ஃபார்மட் மெனுவிலேயே எழுத்தைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் வழி இருக்கிறது.

இதுவரை தெளிவா? தெளிவில்லாவிட்டால் மேலே போய் இன்னொரு தடவை படி. நான் காத்திருக்கிறேன்.

அப்பரும் லோயரும் சாதுக்கள். ப்ராப்பர்தான் கொஞ்சம் கவனிக்க வேண்டிய ஆள். சொல் எங்கே தொடங்குகிறது என்பது அதற்கு எப்படித் தெரியும்? அதற்கு ஒரே ஒரு விதிதான். தொடக்கத்தில் இருக்கும் எழுத்தையும், எழுத்து அல்லாத ஏதாவது ஒரு குறிக்கு அடுத்து வரும் எழுத்தையும் பெரிதாக்கு, மற்றவற்றைச் சின்னதாக்கு. அந்தக் குறி இடைவெளியாக இருக்கலாம், புள்ளியாக இருக்கலாம், எண்ணாகவும் இருக்கலாம்.

நம் ஊர்ப் பெயர்களுக்கு இது நல்லதுதான். எஸ் என்ற இனிஷியல், ஒரு புள்ளி, பிறகு இடைவெளியே விடாமல் கவின் என்று எல்லாம் ஸ்மாலில் இருந்தாலும், எஸ்-உம் பெரிதாகும், கவினின் கே-யும் பெரிதாகும். ஆனால் கே, எஸ் என்ற இரண்டு இனிஷியலைப் புள்ளி வைக்காமல் சேர்த்து எழுதியிருந்தால்? ப்ராப்பருக்கு அது ஒரு சொல். முதல் கே-யைப் பெரிதாக்கி, எஸ்-ஐச் சின்னதாக்கிவிடும். கேப்பிடலிலேயே ஒழுங்காக இருந்த எஸ்-ஐக்கூடச் சுருக்கிவிடும். ஐஐடி என்று மூன்று பெரிய எழுத்தில் இருந்தால், பின்னால் இருக்கும் இரண்டும் சின்னதாகிவிடும்.

செகண்ட் என்பதற்கு 2 என்ற எண்ணையும் அதன் பின்னால் என், டி என்ற எழுத்துகளையும் போடுவோம் அல்லவா? 2 ஓர் எழுத்து இல்லை. ஆகவே அதை ஒட்டி வரும் என் பெரிதாகிவிடும். டோன்ட் என்று எழுதும்போது கடைசி எழுத்துக்கு முன்னால் ஓர் அபாஸ்ட்ரஃபி வரும். அதுவும் எழுத்து இல்லை. ஆகவே கடைசி எழுத்தும் பெரிதாகி, தனியாக முளைத்து நிற்கும். ப்ராப்பர் போட்ட பிறகு பட்டியலை ஒரு தடவை கண்ணால் ஓட்டிப் பார்த்தே ஆகவேண்டும்.

வாக்கியத்தின் முதல் எழுத்து மட்டும் பெரிதாக வேண்டுமானால் அதற்கென்று எக்செலில் தனி ஃபார்முலா இல்லை. நாமே சேர்த்துக் கட்டலாம். =அப்பர்(லெஃப்ட்(ஏ2,1))&லோயர்(மிட்(ஏ2,2,100)). பயந்துவிடாதே, பிரித்துச் சொல்கிறேன். லெஃப்ட் என்பது இடப்பக்கத்திலிருந்து ஓர் எழுத்தை எடுக்கிறது, அப்பர் அதைப் பெரிதாக்குகிறது. மிட் என்பது இரண்டாவது எழுத்திலிருந்து தொடங்கி 100 எழுத்துகள் வரை எடுக்கிறது, லோயர் அவற்றைச் சின்னதாக்குகிறது. நடுவில் இருக்கும் & இரண்டையும் ஒட்டவைக்கிறது. வாக்கியம் அதைவிட நீளமாக இருந்தால் 100-க்குப் பதில் பெரிய எண்ணாகப் போட்டுக்கொள்.

இப்போது நான் ரொம்ப நேரமாகச் சொல்லக் காத்திருந்த விஷயத்துக்கு வருகிறேன். நன்றாகக் கேள்.

உன் அறிவியல் புத்தகத்தில் தனிமங்களின் குறியீடுகள் இருக்கும். பெரிய சி, சின்ன ஓ என்று எழுதினால் அது கோபால்ட். அது ஓர் உலோகம். கண்ணாடிக்கு நீல நிறம் கொடுக்கவும் பேட்டரி செய்யவும் பயன்படுகிறது. பெரிய சி, பெரிய ஓ என்று எழுதினால்? கார்பன் மோனாக்சைடு. நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயு. இரண்டுக்கும் வேறுபாடு அந்த ஓ-யின் அளவு மட்டும்தான். இந்தக் குறியீடுகள் உள்ள ஒரு பட்டியலின் மேல் ஒருவர் அப்பர் ஃபார்முலாவைப் போட்டால் உலோகம் நச்சு வாயுவாகிவிடும்!

இன்னொன்று. சின்ன எம், பெரிய டபிள்யூ என்றால் மில்லிவாட், அதாவது ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பெரிய எம், பெரிய டபிள்யூ என்றால் மெகாவாட், அதாவது பத்து லட்சம் வாட். வகுப்பில் கரும்பலகையைச் சுட்டிக்காட்டும் குட்டி லேசர் விளக்கின் பெட்டியில் 5 மில்லிவாட் என்று போட்டிருந்தால், அப்பர் அதை 5 மெகாவாட் ஆக்கிவிடும். எத்தனை மடங்கு தெரியுமா? நூறு கோடி மடங்கு! கூடங்குளம் அணுமின் நிலையத்தின் முதல் அலகு 1000 மெகாவாட். அப்படிப்பட்ட பெரிய நிலையங்களை அளக்கும் அளவை உன் உள்ளங்கையில் அடங்கும் லேசருக்குக் கொடுத்தது மாதிரி ஆகிவிடும்.

மரபணுக்களிலும் இதே கதை. சோனிக் என்ற நீல முள்ளெலி ஓடிவரும் வீடியோ கேம் உனக்குத் தெரியுமா? ஒரு மரபணுவுக்கு விஞ்ஞானிகள் சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்று அந்தப் பாத்திரத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள்! உடம்பில் எந்த உறுப்பு எங்கே வளர வேண்டும் என்பதில் அதற்குப் பங்கு உண்டு. சுருக்கமாக எஸ், ஹெச், ஹெச் என்று மூன்று எழுத்தில் எழுதுவார்கள். மூன்றும் கேப்பிடலாக இருந்தால் அது மனிதருடைய மரபணு. முதல் எழுத்து மட்டும் கேப்பிடலாக இருந்தால் சுண்டெலியுடையது. அப்பர் போட்டால் எலி எது, மனிதர் எது என்று தெரியாமல் போய்விடும்.

சரி, தெரியாமல் அப்பர் போட்டுவிட்டோம். லோயரோ ப்ராப்பரோ போட்டுத் திரும்ப வாங்கிவிடலாமா?

முடியாது, கண்ணே. மல்கோவாவையும் பங்கனப்பள்ளியையும் சேர்த்துச் சாறு பிழிந்தாகிவிட்டது. டம்ளரைப் பார்த்து எந்தச் சொட்டு எந்தப் பழத்தினுடையது என்று யாரால் பிரிக்க முடியும்? கோபால்டும் கார்பன் மோனாக்சைடும் இப்போது ஒரே இரண்டு எழுத்துகள். பட்டியலில் இருந்த வேறுபாடே அழிந்துவிட்டது. அழிந்ததை எந்த ஃபார்முலாவாலும் கண்டுபிடிக்க முடியாது. மாற்றும் முன் மூலப் பட்டியலின் ஒரு பிரதியைத் தனி ஷீட்டில் வைத்துக்கொள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுதான் காரணம்.

எக்செல் இந்த வேறுபாட்டை எப்போதும் கண்டுகொள்வதும் இல்லை. ஏ1-இல் கோபால்டின் குறியீட்டையும் பி1-இல் வாயுவின் குறியீட்டையும் போட்டு, =ஏ1=பி1 என்று கேள். இரண்டும் ஒன்றுதான், ட்ரூ என்று சொல்லிவிடும்! பெரியது சின்னது பார்க்காமல் ஒப்பிடுவதுதான் அதன் வழக்கம். =எக்ஸாக்ட்(ஏ1,பி1) என்று கேட்டால்தான் கூர்ந்து பார்த்து ஃபால்ஸ் என்று சொல்லும்.

இனி மேக்ரோவுக்கு வருவோம். ஒரே வேலையைத் தினமும் செய்ய வேண்டியிருந்தால், ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் நெடுவரிசை போட்டு, காப்பி செய்து, ஒட்டி, அழித்து என்று அலுத்துப்போகும். அந்த வேலைகளை வரிசையாக ஒரே ஒரு தடவை எழுதிக் கணினியிடம் கொடுத்துவைக்கலாம். அதுதான் மேக்ரோ. எக்செலில் ஆல்ட் விசையோடு எஃப்11-ஐ அழுத்தினால் அதை எழுதும் இடம் திறக்கும். வி.பி.ஏ. என்ற மொழியில் எழுத வேண்டும். பிறகு ஆல்ட்டோடு எஃப்8-ஐ அழுத்தி ஓடவைக்கலாம்.

நம் மேக்ரோ என்ன சொல்ல வேண்டும்? தமிழில் சொல்லிப் பார்ப்போம். "நான் தேர்ந்தெடுத்திருக்கும் கட்டங்களில் ஒவ்வொன்றாகப் போ. அந்தக் கட்டத்தில் ஃபார்முலா இருந்தால் தொடாமல் தாண்டிவிடு. இல்லாவிட்டால் அதில் இருப்பதைப் பெரிய எழுத்தாக்கி அங்கேயே எழுது." அவ்வளவுதான். பெரிய எழுத்தாக்க வி.பி.ஏ.-வில் யூகேஸ் என்ற சொல், சின்னதாக்க எல்கேஸ்.

நடுவில் இருக்கிற அந்த "தாண்டிவிடு" எதற்கு? நீயே சொல்லேன். ஒரு கட்டத்தில் ஐந்து பாட மதிப்பெண்களைக் கூட்டும் ஃபார்முலா இருக்கிறது. விடை 430 என்று தெரிகிறது. மேக்ரோ அந்த 430-ஐ எடுத்து அதே கட்டத்தில் எழுதிவிட்டால், ஃபார்முலா போய் வெறும் 430 மட்டும் நிற்கும். நாளைக்குக் கணக்கு மதிப்பெண்ணைத் திருத்தினாலும் கூட்டுத்தொகை மாறாது. யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். அந்த ஒரு நிபந்தனை இல்லாத மேக்ரோவை நான் தொடவே மாட்டேன்.

ப்ராப்பர் செய்யும் வேலைக்கு வி.பி.ஏ.-வில் ஸ்ட்ரிங் கன்வர்ட் என்று பொருள்படும் ஒரு கட்டளை உண்டு. இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று நினைத்துவிடாதே! அந்தக் கட்டளை இடைவெளி போன்ற வெற்றிடங்களுக்கு அடுத்து வரும் எழுத்தைத்தான் பெரிதாக்கும். ஆகவே டோன்ட் சரியாக வரும், 2-ஐ ஒட்டிய என் சின்னதாகவே இருக்கும். ஆனால் புள்ளிக்கு அடுத்து வரும் கவினின் கே சின்னதாகிவிடும். ஃபார்முலா எங்கே சரியாகச் செய்ததோ அங்கே இது தவறும். அது தவறிய இடத்தில் இது சரியாகச் செய்யும். உன் பட்டியலில் எது அதிகம் இருக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடு.

மேக்ரோவைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். மேக்ரோ செய்த மாற்றத்தை கண்ட்ரோல் இசட் அழுத்தித் திரும்பப் பெற முடியாது. கோப்பைச் சேமித்துவிட்டு ஓட்டு. இன்னொன்று, முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் கோப்பில் இருக்கும் மேக்ரோவை ஓட விடாதே. 1999 மார்ச்சில் மெலிசா என்ற வைரஸ், வேர்டு கோப்பில் மேக்ரோவாக ஒளிந்துகொண்டு மின்னஞ்சல் வழியாக உலகமெல்லாம் பரவியது. கோப்பைத் திறந்தவர்களின் முகவரிப் புத்தகத்திலிருந்து ஐம்பது பேருக்குத் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது.

சரி, நம் மொழிக்கு வருவோம். ஒரு கட்டத்தில் தமிழில் உன் பெயரைத் தட்டி, அதன் மேல் அப்பரைப் போட்டுப் பார். ஒன்றுமே ஆகாது! அப்படியே நிற்கும். தமிழில் பெரிய க, சின்ன க என்று இல்லையே. இன்று உலக மொழிகளுக்கெல்லாம் சேர்த்து யூனிகோட் என்ற பெரிய பட்டியல் இருக்கிறது. அதில் அ-வின் எண் 2949. அதற்கு இன்னோர் அளவில் ஜோடி எதுவும் கொடுக்கப்படவில்லை. ஜோடி இல்லாவிட்டால் அப்பர் தொடாமல் விட்டுவிடும்.

ஜோடி உள்ள மொழிகளிலும் எல்லா இடத்திலும் 32 இல்லை. கிரேக்கத்தில் ஆல்ஃபாவுக்குப் பெரியது 913, சின்னது 945. கழித்துப் பார், 32. ஆர்மீனிய எழுத்துகளில் வேறுபாடு 48. துருக்கி மொழியில்தான் வேடிக்கை. 1928-இல் அவர்கள் லத்தீன் எழுத்துகளுக்கு மாறியபோது இரண்டு ஐ வைத்துக்கொண்டார்கள். ஒன்றுக்கு மேலே புள்ளி உண்டு, இன்னொன்றுக்கு இல்லை. புள்ளி உள்ள சின்ன ஐ-யைப் பெரிதாக்கினாலும் அவர்களுக்குப் புள்ளி இருக்க வேண்டும். அதாவது 105 என்ற எண் 304 ஆக வேண்டும். பெரிதாக்கும்போது கழிப்பதற்குப் பதில் 199-ஐக் கூட்ட வேண்டியிருக்கிறது! இதை யோசிக்காமல் எழுதப்பட்ட நிரல்கள் துருக்கியில் தடுமாறியிருக்கின்றன.

கடைசியாக, உன் வயதுப் பிள்ளைகளின் கதை ஒன்று. மேற்கு ஆப்பிரிக்காவில் ஃபுலா மொழி பேசும் மக்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அந்த மொழியின் ஒலிகள் அரபு எழுத்திலும் லத்தீன் எழுத்திலும் சரியாகப் பொருந்தவில்லை. 1989-இல் கினி நாட்டில் இப்ராஹிமா பேரி, அப்துல்லாயே பேரி என்ற அண்ணன் தம்பி இருவரும் தங்கள் மொழிக்குப் புது எழுத்துகளை வரையத் தொடங்கினார்கள். அவர்களுக்கு அப்போது வயது 14-உம் 10-உம். அந்த எழுத்துமுறைக்கு இன்று அத்லம் என்று பெயர். அதில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் உண்டு.

2016-இல் அத்லம் யூனிகோட் பட்டியலில் சேர்ந்தது. முதலில் 34 பெரிய எழுத்துகளை வரிசையாக வைத்தார்கள். அவை முடிந்த இடத்திலேயே 34 சின்ன எழுத்துகளை வைத்தார்கள். அப்படியானால் பெரியதற்கும் சின்னதற்கும் நடுவில் எவ்வளவு? 34. சரி!

இப்போது பென்சிலை மறுபடி எடு. அத்லத்தின் முதல் சின்ன எழுத்திலிருந்து யாராவது பழைய ஞாபகத்தில் 34-க்குப் பதில் 32-ஐக் கழித்துவிட்டால் எந்த எழுத்து வரும்? வரிசையை எழுதி எண்ணிப் பார். முதல் பெரிய எழுத்து வராது, மூன்றாவது பெரிய எழுத்து வரும்.